புல்கூரையும் ஊர்க்கட்டுப்பாடும்

ஜப்பானின் நடுப்பகுதியில், கிஃபு மாகாணத்து மலைகளுக்கு இடையே ஷோ ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஷிராகவா-கோ இருக்கிறது. அங்குள்ள ஊர்களில் பெரியது ஒகிமாச்சி. செங்குத்தான புல்கூரைகள்மீது பனி மூடியிருக்கும் படங்களை நாட்காட்டிகளில் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஊர்தான் இது. இங்கே வீடு வைத்திருப்பவர் கூரைப் புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போட முடியாது. வீட்டை இடிக்க முடியாது. வெளிச்சுவரில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்குவதற்கும், பக்கத்தில் ஒரு கொட்டகை போடுவதற்கும், கொல்லையில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் சொல்வது இவ்வளவு. இதற்கு மேலே ஊரார் தாங்களாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. சொந்தப் பணத்தில் பேணும் சொந்த வீட்டுக்கு இத்தனை தடையா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். புல்கூரை வீடு ஒன்று தன்னந்தனியாக நின்று பிழைக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக, இந்தக் கடுமை நியாயமானது என்று நினைக்கிறேன். அந்தக் காரணம் வீட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கூப்பிய கைகளைப் போன்ற தோற்றத்தால் இவற்றைக் கஷ்ஷோ வீடுகள் என்கிறார்கள். கூரையின் சரிவு ஏறத்தாழ 60 பாகை. குளிர்காலத்தில் அங்கே ஆளுயரத்துக்கு மேல் பனி கொட்டும். அதுவும் ஈரம் நிறைந்த, கனமான பனி. சரிவு குறைவாக இருந்தால் கூரை தாங்காது. வீட்டின் கீழ்ப்பகுதியைத் தச்சர்கள் கட்டினார்கள். தூண், உத்திரம், பலகைத் தளம் எல்லாம் அவர்கள் கைவேலை. உத்திரத்துக்கு மேலே தொடங்கும் கூரைச் சட்டம் முழுவதும் ஊராரின் வேலை. அதில் ஆணி கிடையாது. பெரிய கைமரங்கள் இரண்டிரண்டாக முகட்டில் சாய்ந்து சேர்கின்றன. ஒவ்வொன்றின் அடியும் கூராகச் செதுக்கப்பட்டு, உத்திரத்தின் நுனியில் வெட்டிய குழியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குறுக்கே போகும் கழிகளை வைக்கோல் கயிற்றாலும், பச்சையாக இருக்கும்போதே முறுக்கி நாராக்கிய இளங்கொம்புகளாலும் கட்டுகிறார்கள். கொம்பு காயக் காயக் கட்டு இறுகிக்கொண்டே போகும். பள்ளத்தாக்கில் காற்று வீசும்போதும் பனி அழுத்தும்போதும் கூரை சற்றே அசைந்து கொடுத்துத் திரும்பவும் தன் நிலைக்கு வருகிறது. இந்தச் சட்டத்தின்மேல் நம் ஊர் விழலைப் போன்ற உயரமான மலைப்புல்லை இரண்டடிக்குக் குறையாத கனத்தில் வேய்கிறார்கள். கூரைக்குள்ளே இரண்டு, மூன்று தட்டுகளாகப் பரண். அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே நடுக்கூடத்தில் எரியும் அடுப்பின் சூடு பரண்தளத்து இடுக்குகள் வழியே ஏறிப் புழுக்களுக்குக் கதகதப்பைக் கொடுத்தது. அதன் புகை கயிறுகளையும் புல்லையும் உலர்த்தி, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ டவுட் 1935-இல் இங்கு வந்தபோது வியந்தது இந்தக் கட்டுமான அறிவைத்தான். அலங்காரம் என்று சொல்லத்தக்க எதுவும் இவ்வீடுகளில் அதிகம் இல்லை.

இவ்வளவு உறுதியான சட்டத்தின்மேல் கிடக்கும் புல் மட்டும் நிலையானது இல்லை. 30, 40 ஆண்டுகளில் அது மக்கிவிடும். அப்போது முழுக்கப் பிரித்துவிட்டுப் புதிதாக வேய வேண்டும். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கான புல்கட்டுகள் தேவை. முந்தின இலையுதிர்காலத்திலேயே, பனி விழுவதற்கு முன், புல்லை அறுத்துக் கட்டி உலர வைக்க வேண்டும். வசந்தகாலத்தில் ஒரு நாள் குறித்துக் கூரையின் ஒரு பக்கத்தைக் காலையில் பிரிக்கத் தொடங்கினால், மாலைக்குள் புதுப்புல் ஏறிவிட வேண்டும். இடையில் மழை வந்தால் பரண் முழுவதும் நனைந்து வீணாகும். அதனால் நூறு, இருநூறு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். சிலர் பழைய புல்லை இறக்குகிறார்கள். சிலர் கட்டுகளைக் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள். கூரையின்மேல் வரிசையாக நிற்பவர்கள் புல்லைப் பரப்பி மிதித்து அமுக்குகிறார்கள். பெரிய ஊசி ஒன்றில் கயிற்றைக் கோத்து வெளியிலிருந்து புல்லுக்குள் குத்த, உள்ளே இருட்டில் புழுதிக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கயிற்றைக் கழியைச் சுற்றி வாங்கி மறுபடி வெளியே தள்ளுகிறார். வெளியே இருப்பவருக்கு உள்ளே உள்ள கழி தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வெளியே உள்ள புல் தெரியாது. இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே ஒரு கூரை முழுவதையும் தைத்து முடிக்கிறார்கள். இந்தக் கூட்டுழைப்புக்கு யுய் என்று பெயர். யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை கட்டுப் புல் கொடுத்தார், எவ்வளவு கயிறு கொண்டுவந்தார் என்று வீட்டுக்கு வீடு எழுதி வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் இருக்கும் மொய் நோட்டைப் போல, அந்தக் கணக்கு தலைமுறை தாண்டியும் செல்லும். தாத்தா வீட்டுக் கூரைக்கு வந்தவரின் பேரன் வீட்டுக்கு இவர் போயாக வேண்டும்.

இந்தக் கணக்கு அறுந்துபோன காலம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பட்டுத் தொழில் நலிந்தது. அதற்கு முன்பே, வீட்டுத் தரைக்கடியில் வெடியுப்புத் தயாரிக்கும் தொழில், வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்ததும் மறைந்துவிட்டிருந்தது. பரண் வருமானம் போன பின் மூன்று தட்டுக் கூரை யாருக்கும் தேவைப்படவில்லை. போர் முடிந்து, ஷோ ஆற்றில் மின்சாரத்துக்காக அணைகள் எழுந்தன. 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட மிபோரோ அணையின் நீரில் ஊர்களே மூழ்கின. மூழ்கவிருந்த வீடுகளில் ஒன்றைத்தான் கழற்றி எடுத்துச் சென்று யோகோஹாமாவின் சங்கெயென் தோட்டத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மலைகளுக்குள் ஒதுங்கியிருந்த கசுரா என்ற சிற்றூரின் குடும்பங்கள் 1967-இல் மொத்தமாக ஊரைக் காலி செய்துவிட்டு வெளியேறின. நகரத்து உணவகங்களும் விடுதிகளும் நல்ல விலை கொடுத்துக் கஷ்ஷோ வீடுகளை வாங்கிப் பிரித்துக் கொண்டுபோயின. வீட்டை விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. கூரை மாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலையில், நல்ல விலை கொடுக்க வருபவரிடம் விற்பதுதான் எந்தக் குடும்பத்துக்கும் தோன்றும் வழி. ஆனால் ஒவ்வொரு வீடு போகும்போதும் யுய்யில் சில கைகள் குறைந்தன. கைகள் குறைந்ததால் அடுத்த வீட்டின் கூரைச் செலவு கூடியது. செலவு கூடியதால் அந்த வீடும் விலைக்கு வந்தது. சுழல் இப்படித்தான் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

1971-இல் ஒகிமாச்சி மக்கள் சங்கம் ஒன்றை அமைத்து, விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்ற மூன்று உறுதிகளையும் எடுத்துக்கொண்டது இந்தச் சுழலை நிறுத்தத்தான். பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது, ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது இந்த ஊருக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் இல்லை. மரபு வீடுகள் கூட்டமாக இருக்கும் ஊர்களைக் காக்கவென்றே அமைந்த சட்டப் பிரிவு ஜப்பானில் இல்லை. பெரும்பாலும் தனிக் கோயில், தனிக் கோட்டை, தனி மாளிகை போன்றவற்றுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு இருந்தது. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் 1975-இல் திருத்தப்பட்ட பிறகுதான், மரபுக் கட்டடங்கள் கூட்டமாக இருக்கும் பகுதிகளைப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்க வழி பிறந்தது. 1976-இல் முதன்முதலாகத் தேர்வான வட்டாரங்களில் ஒகிமாச்சியும் ஒன்று. யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஊர் சேர்ந்தது 1995-இல். பக்கத்துத் தொயாமா மாகாணத்தின் கொகயாமா பகுதியைச் சேர்ந்த ஐனோகுரா, சுகனுமா ஆகிய இரு சிற்றூர்களும் அதனோடு சேர்ந்தன. முதலில் ஊரார் கட்டுப்பாடு, பிறகு நாட்டுச் சட்டம், கடைசியாக உலக அங்கீகாரம் என்பதுதான் வரிசை. மேலிருந்து திணித்த விதி என்று இதை ஒதுக்கிவிட முடியாததற்கு இந்த வரிசை ஒரு காரணம்.

விதி எதைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு வட்டாரத்தின் சட்டம் பொதுவாக வீட்டின் வெளித்தோற்றத்தையும், அதைத் தாங்கும் கட்டுமானத்தையும், சுற்றியுள்ள நிலத்தையுமே கட்டுப்படுத்துகிறது. கூரை, சுவர், வெளிக்கதவு, வண்ணம், கொட்டகை, வேலி, கல்வரப்பு, மரம், வயல் ஆகியவற்றில் மாற்றம் வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும். அதை ஊர்ச் சங்கமும் பரிசீலிக்கிறது, நிர்வாகம் அனுமதி தருகிறது. உள்ளே சமையலறையை நவீனமாக்கலாம். கழிவறை, வெந்நீர்க் குளியலறை, மின்சாரம், இணையம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். குளிருக்கு அஞ்சிக் கூடத்தைத் தடுத்துச் சிறு அறைகளாக்கி ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம். ஊரின் மிகப் பெரிய வீடான வாதா வீட்டைப் போல, தனியாகவே தேசிய முக்கியத்துவம் பெற்றவற்றுக்கு மட்டும் உள்ளேயும் கட்டுப்பாடு உண்டு. அங்கும் அந்தக் குடும்பம் ஒரு பகுதியில் குடியிருக்கிறது. மக்கள் வாழும் ஊரைக் காக்க நினைக்கும் விதிக்கு இந்த எல்லைக்கோடு மிகப் பொருத்தமானது. பாட்டி குளிரில் நடுங்க வேண்டும், குழந்தை புகையில் இரும வேண்டும் என்று எந்த விதியும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

அடுத்தது பணம். ஒரு பெரிய வீட்டின் கூரையை முழுவதும் மாற்றும் செலவு இன்று 1 கோடி யென்னைத் தாண்டும். மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றால் அதைத் தனியாகச் சுமக்க முடியாது. அதனால் அனுமதி பெற்றுச் செய்யும் வெளிப்புறப் பழுதுவேலைகளின் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசும் மாகாணமும் கிராமமும் சேர்ந்து மானியமாகத் தருகின்றன, மீதி வீட்டுக்காரருடையது. உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு அமைந்த அறக்கட்டளை ஒன்று, சுற்றுலா வண்டிகள் நிறுத்துமிடத்தில் வசூலாகும் தொகையைப் பாதுகாப்பு வேலைகளுக்குத் திருப்புகிறது. தீ இன்னொரு செலவு. காய்ந்த புல்கூரைகள் நெருங்கி நிற்கும் ஊரில் ஒரு பொறி போதும். அதனால் மலைச்சரிவின் மேலே உள்ள தொட்டியிலிருந்து உயர வேறுபாட்டின் அழுத்தத்திலேயே நீர் பாயும்படி குழாய் போட்டு, ஊர் முழுக்க 50-க்கும் மேற்பட்ட நீர்ப்பீரங்கிகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து சோதிக்கிறார்கள். 2019 நவம்பரில் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்த சிறு கட்டடங்கள் தீப்பற்றியபோது அந்த ஏற்பாடு வேலை செய்தது. கஷ்ஷோ வீடுகளுக்குத் தீ பரவவில்லை. குழாயைப் பொதுப்பணம் போட்டது. ஆனால் தினமும் முறைவைத்துத் தெருச் சுற்றி, தீ பத்திரம் என்று குரல் கொடுத்து வருபவர்கள் ஊரார்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவதும் வலுவானதும் சொத்துரிமை. என் வீட்டை நான் என்ன செய்தால் ஊருக்கு என்ன? சிறு கணக்கு ஒன்றைப் போட்டால் விடை கிடைக்கும். ஒகிமாச்சியில் சுமார் 60 கஷ்ஷோ வீடுகள் இருக்கின்றன. ஒரு கூரை 30 ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஆண்டுக்கு 2 கூரைகள் மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 2 கூரை என்பது ஓர் இளைஞர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவும், புல்வெளியைத் தவறாமல் அறுத்து வைக்கவும், கயிறு முறுக்கும் ஆளுக்கு வேலை தரவும் போதுமான எண்ணிக்கை. சுகனுமாவில் இருப்பவை 9 வீடுகள். அந்த ஊர் தன்னை மட்டும் நம்பியிருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் கூரை வேலை வரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை எவரும் தொழிலாகக் கற்க மாட்டார்கள். கற்றவரும் மறந்துபோவார். அதனால்தான் கொகயாமாவின் சிற்றூர்கள் ஆட்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் தன் கூரையைத் தகரமாக்கினால், அவர் வீட்டின் அழகு போவது இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூரை மாற்றும் நாளில் கை ஒன்று குறைகிறது, வேயும் ஆளுக்கு வேலை குறைகிறது, புல்வெளிக்குத் தேவை குறைகிறது. வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரர் தண்ணீரை மறித்தால் கடைமடை காய்வதை யாரும் அவர் சொந்த விஷயம் என்று சொல்வதில்லை. ஜப்பான் நாட்டுப்புறம் முழுவதும் புல்கூரைமீது தகரத்தைக் கவிழ்த்து மூடிய பழைய வீடுகள் ஏராளம். அவற்றின் உரிமையாளர்கள் தவறு செய்யவில்லை. அவர்களைச் சுற்றி வேய்வதற்கான ஏற்பாடு எதுவும் மிஞ்சவில்லை என்பதே அதன் பொருள்.

விதி மட்டும் இருந்து இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே பாரம்பரியப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றில் கிராமத்துச் சிறு வீடுகளும் அடக்கம். பட்டியலில் உள்ள வீட்டின் உள்ளேயும் வெளியேயும், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றவியல் குற்றம். இந்த அளவில் அது ஜப்பானிய விதியைவிடக் கடுமையானது. அதே நாட்டில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி இல்லை, பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். ஒப்புதல் பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த விலக்கும் 2012-இல் போய்விட்டது. பொதுநலனுக்காக இந்த வீட்டைத் தொடாதே என்று சொல்லும் அரசு, அதைப் பேணும் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு மேலே வரியும் போடுகிறது. இப்படிப்பட்ட விதியை எதிர்ப்பவர்களோடு வாதாட எனக்கு மனமில்லை. ஊரின் நன்மைக்காக ஒருவர் கையைக் கட்டினால், ஊர் அவருக்குக் கை கொடுக்க வேண்டும். ஒகிமாச்சியில் கட்டுப்பாடு பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருப்பது, மானியமும் யுய்யும் அதனோடு சேர்ந்தே வருவதால்தான்.

இரண்டாவது எதிர்வாதம் தத்துவம் சார்ந்தது. புல் முழுவதும் புதிது, கயிறு புதிது, கழிகளில் பாதி புதிது. அப்புறம் இதில் எது பழைய வீடு? கல்லால் கட்டிய நாடுகளில் உருவான பாதுகாப்புக் கொள்கை, குறிப்பாக 1964-இன் வெனிஸ் சாசனம், மூலப்பொருளை அப்படியே காப்பதற்கு முதலிடம் கொடுத்தது. மரமும் புல்லும் மக்கும் நாடுகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தவில்லை. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள் உருவாக்கிய ஆவணம், ஒரு பாரம்பரியத்தின் மெய்மையை அதன் பண்பாட்டுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது. பொருளோடு சேர்த்து வடிவம், பயன்பாடு, மரபு, கைத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. ஷிராகவா-கோ உலகப் பட்டியலில் ஏறியது அதற்கு மறு ஆண்டு. 2020-இல் யுனெஸ்கோ, ஜப்பானிய மரக் கட்டடங்களைப் பேணும் கைத்திறன்களையே ஒரு பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. புல்கூரை வேய்தலும் அவற்றில் ஒன்று. புல் புதிதாக இருப்பது இந்த வீட்டுக்குக் குறை இல்லை. 40 ஆண்டுப் பழைய புல்லை வேதிப்பூச்சு பூசி 100 ஆண்டு நிலைக்க வைத்தால், அந்த நூறு ஆண்டில் வேயத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். பிறகு புல் போனால் வீடும் போகும். பழுதுபார்க்கும் பழக்கம் அறாமல் இருப்பதே இங்கே பழமை.

மூன்றாவது எதிர்வாதம் எளிதில் தள்ளிவிட முடியாதது. கட்டுப்பாடு வீட்டைக் காத்தது, ஊரைச் சுற்றுலாக் காட்சியாக்கிவிட்டது என்கிறார்கள். ஷிராகவா கிராமம் முழுவதிலும் சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். 2008-இல் விரைவுச்சாலை முழுமையாகத் திறந்தபின் வருபவர் எண்ணிக்கை பெருகி, 2010-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டியது. தங்கும் விடுதி, தின்பண்டக் கடை, நினைவுப்பொருள் கடை என்று பல வீடுகள் மாறின. கூரைகளைப் பத்திரமாகக் காத்த ஊரில், வீடுகளுக்கு நடுவே இருந்த நெல்வயல்கள் சில வண்டி நிறுத்துமிடங்கள் ஆயின. உழுவதைவிட அதில் வருமானம் அதிகம். ஊரின் அழகுக்கு ஏற்பட்ட உண்மையான கேடு இது, விதி பிந்தி வந்த இடமும் இதுதான். ஆனால் தீர்வும் விதியைத் தளர்த்துவதால் வரவில்லை. வெளியார் வண்டிகளை ஊருக்குள் விடாமல் ஆற்றுக்கு அப்பால் நிறுத்த வைத்தார்கள். குளிர்காலத்தில் விளக்கேற்றிக் காட்டும் மாலைகளுக்கு முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்று 2019-இல் ஆக்கினார்கள். சுற்றுலாவே கூடாது என்பவர்கள், பட்டுப்புழு போன பின் அந்தப் பரணுக்கு வேறு எது சோறு போடும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பரண் எப்போதுமே வருமானத்துக்காகக் கட்டப்பட்டதுதான்.

விதியால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. யுய் முறையில் ஊர் கூடி வேயும் கூரைகள் இப்போது குறைவு. பெரும்பாலான வேலையைப் பயிற்சி பெற்ற தொழிலாளர் குழுக்கள் செய்கின்றன, ஆள் போதாத நாட்களில் வெளியூர்த் தன்னார்வலர்கள் வருகிறார்கள். பட்டணத்தில் வேலைக்குப் போகும் மகன் விடுப்பெடுத்து மூன்று நாள் புல் அறுக்க வர முடிவதில்லை. புல்வெளிகள் பல காடாகிவிட்டதால் வெளி மாகாணங்களிலிருந்து புல் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் புல் சற்றே தடிமனான வேறு வகை. பழைய மெல்லிய புல்லின் ஆயுள் அதற்கு இல்லை என்று வேய்பவர்கள் சொல்கிறார்கள். நடுக்கூடத்து அடுப்பு எரியாத வீடுகளில் புகை ஏறுவதில்லை, ஈரம் தங்கிக் கூரை முன்பைவிடச் சீக்கிரம் மக்குகிறது. அடுப்பை எரி என்று சட்டம் போட முடியாது. ஆனால் கைவிட்ட வயல்களில் புல் வளர்ப்பதற்கும், புல் அறுக்கும் கூலிக்கும், வேயக் கற்கும் இளைஞரின் சம்பளத்துக்கும் பொதுப்பணம் கொடுக்க முடியும். கூரைக்கு மானியம் தருவதைப் போலவே இவற்றுக்கும் தாராளமாகத் தர வேண்டும். கூரை மாற்றும் ஆண்டில் மட்டும் பணம் தந்துவிட்டு, நடுவில் உள்ள 30 ஆண்டுகளை வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிடுவது போதாது.

வாரிசு இல்லாத வீடுகள் இன்னும் சிக்கலானவை. மூன்று உறுதிகள் எழுந்த 1971-இல் பயம் வெளியூர்ப் பணத்தைப் பற்றியது: நகரத்துக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், வாடகைக்கு எடுத்துக் கடை போட்டுவிடுவார். இன்று அதோடு இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது: குடியிருக்க ஆளே இல்லாமல் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டில் பனியைத் தள்ள ஒருவரும் இல்லை, கசிவைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஐந்து குளிர்காலத்தில் கைமரம் நனைந்துவிடும். ஊரார் தாங்களே எழுதிய உறுதிகளை ஊராரே திருத்தலாம். அப்படித் திருத்துவதானால் 'இடிக்காதே' என்பதில் கை வைக்கக் கூடாது. 'விற்காதே' என்பதையும் விட வேண்டியதில்லை. தளர வேண்டியது 'வாடகைக்கு விடாதே' என்பது, அதுவும் கடை வைக்க அல்லாமல் குடும்பத்தோடு ஆண்டு முழுவதும் குடியிருக்க வருபவருக்கு மட்டும். வருபவர் யாராக இருந்தாலும், பக்கத்து வீட்டில் கூரை மாற்றும் நாளில் ஆள் அனுப்ப வேண்டும், புல் அறுப்பில் தன் பங்கைக் கொடுக்க வேண்டும், தீக்காவல் முறையில் அவர் வீட்டுக்கும் நாள் ஒதுக்கப்படும் என்ற மூன்றையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.